அமெரிக்காவில் பெண் எடுத்த வீடு

சிவகாசிப் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலைக்கும் ஆபீஸ் என்றுதான் பெயர், தீப்பெட்டித் தொழிற்சாலைக்கும் ஆபீஸ் என்றுதான் பெயர். அதனால் எந்தக் கல்யாண வீட்டில் யாரிடம் “ஆபீஸுக்குப் போகிறேன்” என்று சொன்னாலும், “பட்டாசு ஆபீஸா, தீப்பெட்டி ஆபீஸா?” என்று கேட்பார்கள். “ரெண்டும் இல்லை, அமெரிக்காக்காரர்களுக்கு அவர்களுடைய பாட்டன் பூட்டனைத் தேடிக் கொடுக்கிற ஆபீஸ்” என்று நான் சொன்னதும், கேட்டவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் பந்திக்கு நகர்ந்துவிடுவார். ஊரில் எங்களுக்கு வைத்த பெயர் ‘செத்தவுக ஆபீஸ்’. அந்த ஆபீஸிலிருந்துதான் நான் போன வருடம் ஓய்வு பெற்றேன்.

இப்போது இருநூறு வருடத்துக் கையெழுத்தைக் கம்ப்யூட்டரே வாசித்துவிடுகிறதாம். வழியனுப்பு விழாவன்று புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, “அக்கா, அப்பல்லாம் இதைக் கண்ணால பாத்தா படிச்சீக?” என்று கேட்டார்கள். கண்ணால்தான் படித்தோம். ஆனால் ஆட்களைக் கண்டுபிடித்தது கண்ணால் இல்லை, ஒரு கல்யாணத் தரகரின் மூளையால். அதை நம்பச் சொன்னால் சிரிக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

நான் முதலில் வேலை பார்த்தது கீழ்த்தளத்தில், காலண்டர் அச்சகத்தில். ராகு காலம், எமகண்டம், அமாவாசை, பெருநாள் எல்லாம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. ராவுத்தர் வீட்டுப் பெண் சொன்னால்தான் ஊருக்குச் சஷ்டி எது, பிரதோஷம் எது என்று தெரியும் என்று முதலாளி கேலி செய்வார். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களில், அமெரிக்காவில் இருந்த அவருடைய மருமகன் ஒரு ஆர்டர் பிடித்துக் கொடுத்தார். மாடியைச் சுத்தம் செய்து கம்ப்யூட்டர்கள் வாங்கிப் போட்டார்கள். கண் கூர்மை என்று சொல்லி என்னையும் மேலே ஏற்றினார்கள்.

வேலை இதுதான். பழைய தாள்களின் படங்கள் அங்கிருந்து வரும். வரிப் பட்டியல், கல்யாணப் பதிவு, படையில் ஆள் எடுத்த கணக்கு, பென்ஷன் கேட்டு எழுதிய மனு. ஒரே பக்கத்தை இரண்டு பெண்கள், ஒருவர் அடித்ததை மற்றவர் பார்க்காமல், தனித்தனியாக அடிப்பார்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடம் சிவப்பாகத் தெரியும். அந்தச் சிவப்பைத் தீர்த்துவைப்பது நான். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் கொக்கி கொக்கியான அந்தப் பழைய ஆங்கிலக் கையெழுத்து எனக்குப் பழகிவிட்டது. எங்கள் விதி ஒன்றே ஒன்று. தாளில் இருந்தால் எழுது. இல்லையென்றால் ‘சான்று கிடைக்கவில்லை’ என்று எழுது.

பிறகு அடிப்பது மட்டும் போதாது, குடும்பத்தையே தேடிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். ஒரே பெயரில் பத்துப் பேர் இருக்கும் ஊரில் எவர் யாருடைய பிள்ளை, எங்கிருந்து எங்கே குடிபோனார் என்று பிரித்துச் சொல்ல ஒரு தலை வேண்டும். முதலாளி யோசித்துப் பார்த்து, காரியாபட்டி ஜமால் முகைதீனைக் கூட்டி வந்தார்.

ஜமால் மாமுவுக்குத் துணி வியாபாரம் பெயருக்குத்தான். உண்மையான தொழில் சம்பந்தம் பேசுவது. விருதுநகர், அருப்புக்கோட்டை, காரியாபட்டி எங்கும் எந்த வீட்டில் யார் யாருக்கு என்ன உறவு, எந்தக் கிளை எப்போது மதுரைக்குப் போனது என்று வாயிலிருந்து அப்படியே கொட்டும். எனக்கும் மூன்று இடம் பார்த்து, மூன்றையும் கோட்டை விட்டவர். ஆனால் அமெரிக்காக்காரர்கள் விஷயத்தில் படு கெட்டிக்காரர். அங்கே எல்லாருக்கும் ஏற்கெனவே கல்யாணம் முடிந்துவிட்டிருந்தது அல்லவா.

காலையில் வந்ததும் தொப்பியைக் கழற்றி மானிட்டர் தலையில் வைப்பார். அந்தக் காலத்து மானிட்டருக்குத் தொப்பி வைக்கிற அளவுக்குத் தலை இருந்தது. பிளாஸ்கிலிருந்து சுக்குக் காப்பி ஊற்றிக்கொள்வார். கீழே அச்சகத்தில் கலர் தள்ளி விழுந்ததால் கழித்துப்போட்ட காலண்டர் தாளை எடுத்து, மகாலட்சுமி கசங்காமல் திருப்பிப்போட்டு, பின்பக்கத்தில் அமெரிக்கக் குடும்பத்தை வரைய ஆரம்பிப்பார். ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. எந்த ஃபைலைத் திறந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்.

“பொண்ணு எடுத்த வீடு எது?”

“மாமு, அவுக கேட்டது ஆம்பளையப் பத்தி.”

“ஆம்பளைய எங்கன வேணும்னாலும் தேடு, கிடைக்க மாட்டான். பொண்ணு வீட்டைப் பிடி, தானா வருவான்.”

பெரும்பாலும் வந்தார்கள். கல்யாணத்துக்குத் தடையில்லை என்று அந்த ஊர்க் கல்யாணப் பத்திரத்தில் ஜாமீன் போட்டவர் பெண்ணுக்கு அப்பாவாகவோ அண்ணனாகவோதான் இருப்பார் என்று அவர் சொன்னார். அப்படித்தான் இருந்தது. குடிபெயர்கிறவன் தனியாகப் போக மாட்டான், கொண்டான் கொடுத்தானையும் சேர்த்துத்தான் கூட்டிப் போவான் என்றார். அதுவும் அப்படித்தான் இருந்தது. பென்சில்வேனியாவில் பக்கத்து வீடாக இருந்தவர்கள் வர்ஜீனியாவிலும் பக்கத்து வீடாக இருப்பதைப் பார்த்துவிட்டு, “நம்ம ஆளுகளேதான்” என்று மாமு திருப்தியோடு காப்பி குடிப்பார்.

அப்படி இருக்கும்போதுதான் டோரதி அம்மையாரின் கேஸ் வந்தது.

டோரதி தள்ளாத வயதுக்காரர். அமெரிக்க விடுதலைப் போரில் துப்பாக்கி தூக்கியவர்களின் வாரிசுகள் மட்டும் சேரக்கூடிய ஒரு சங்கத்தில் சேர்ந்துவிட்டுத்தான் கண்ணை மூட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அவருடைய முன்னோர் சாமுவேல் ட்ரெய்னர் படைவீரர் என்று நிரூபித்தால் போதும். எங்களுக்கு வேலை அனுப்பும் கரோல் என்ற பெண்மணி இதைத்தான் சோதனையாகக் கொடுத்திருந்தார். முதலாளி மாடிக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார்.

“இந்த ரிப்போர்ட் அந்த அம்மாவுக்குப் பிடிச்சுட்டா ஒரு வருச ஆர்டர். இல்லேன்னா ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருசக் காலண்டர் மாதிரி ஆல்பம் வந்ததும் இந்த மாடி காலண்டர் குடோன். யாரும் என்னையக் குத்தம் சொல்லக் கூடாது.”

குடோன் என்ற சொல்லைக் கேட்டு எல்லாரும் பயந்தோம். அதிகம் பயந்தது முத்துலட்சுமி. தாயில்பட்டிப் பெண். அப்பா பட்டாசு ஆபீஸில், வெடிமருந்து கலக்கிற மருந்து ரூமில் நடந்த விபத்தில் இறந்துபோனவர். அம்மா இன்னும் அதே ஆபீஸில் திரி சுற்றிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் லோடு வேன் ஓட்டினார். தீபாவளி சீசன் முடிந்தால் வேனும் நின்றுவிடும். மாடி குடோன் ஆனால் அவளும் அம்மாவோடு அதே பட்டாசு ஆபீஸுக்குப் போக வேண்டியதுதான், வேறு வழியில்லை. “அந்தக் கேட்டுக்குள்ள மட்டும் நான் காலை வைக்க மாட்டேன்க்கா” என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். இருக்கன்குடி அம்மனுக்கு நேர்ந்துகொண்டிருந்தாள். அமெரிக்கக் குடும்ப வரலாற்றுக்காக மாரியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்த ஒரே ஆள் அவளாகத்தான் இருக்கும்.

சாமுவேலைக் கண்டுபிடிப்பது முதலில் சுலபமாக இருந்தது. வர்ஜீனியாப் படையில் சாமுவேல் ட்ரெய்னர் என்று ஒரு வீரர் இருந்தார். டோரதி வீட்டுச் சாமுவேலும் பிற்காலத்தில் வர்ஜீனியாவில்தான் வாழ்ந்து இறந்திருந்தார். ஒரே ஒரு முள். அவருக்கும் அவர் மனைவி ஹன்னாவுக்கும் மூத்த மகனான ஜோசப், போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில் பென்சில்வேனியாவில் பிறந்ததாக, பிறப்பு இறப்பைக் குறித்துவைக்கும் அவர்கள் வீட்டுப் பைபிளில் எழுதியிருந்தது. அப்பா வர்ஜீனியாப் படையில் இருக்கும்போது பிள்ளை எப்படிப் பென்சில்வேனியாவில் பிறக்கும்?

ஜமால் மாமு சிரித்துவிட்டார்.

“இதுல என்ன குழப்பம்? ஹன்னாவுக்குத் தலைப்பிரசவம். ஏழாம் மாசம் அழைச்சுட்டுப் போயிருப்பாக. பொண்ணு வீடு பென்சில்வேனியா. மாப்பிள்ளை வர்ஜீனியாவில சண்டையில இருக்காரு. அம்புட்டுத்தான்.”

மாடி முழுக்கத் தலையாட்டினோம். எங்களில் ஒருத்திக்கும் சந்தேகம் வரவில்லை. சூரியன் கிழக்கே உதிக்கும், தலைப்பிள்ளை தாய்வீட்டில் பிறக்கும். மற்ற பிள்ளைகளெல்லாம் போர் முடிந்தபின் வர்ஜீனியாவில் பிறந்திருந்தது வேறு அதற்குப் பொருத்தமாக இருந்தது. ஹன்னாவின் தாய்வீடு பென்சில்வேனியா என்று ரிப்போர்ட்டில் ஒரு பத்தியே எழுதினோம். முதலாளி இனிப்பு வாங்கி அனுப்பினார்.

சாப்பாட்டு நேரத்தில் முத்துலட்சுமி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இனிப்பைத் தொடவில்லை.

“அக்கா, எல்லாரும் அம்மா வீட்டுக்குப் போயித்தான் பெறுவாகளா?”

“வேற எங்க போவாக?”

“என் மகன் நான் மாமனார் வீட்ல இருக்கையிலதான பெறந்தான்.”

“உன் கதை வேற புள்ள. உங்கம்மாவுக்கு சீசன் நேரம்.”

“அதத்தான்க்கா சொல்லுதேன். அந்த ஹன்னாவோட அம்மாவுக்கும் என்ன நேரமோ. சண்டை நடக்குற ஊர்ல வயித்துப் புள்ளக்காரி அம்புட்டுத் தூரம் வண்டியில போவாளா?”

நான் சாப்பாட்டை மூடி வைத்தேன். இந்தக் கேள்வியால் மாடி குடோனாகிவிட்டால் முதலில் அந்தக் கேட்டுக்குள் போக வேண்டியவள் அவள்தான். அவள்தான் கேட்கிறாள். எனக்கு அவள்மேல் கோபமாகவும் வந்தது, பெருமையாகவும் இருந்தது. கரோலுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டேன். அந்தக் காலத்தில் உங்கள் ஊர்ப் பெண்கள் முதல் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போவது வழக்கம்தானே என்று கேட்டிருந்தேன்.

மறுநாள் பதில் வந்தது. அப்படி ஒரு வழக்கத்தைத் தான் கேள்விப்பட்டதே இல்லையாம். பெண் தன் வீட்டில்தானே பெற்றுக்கொள்வாள், எதற்காக அவ்வளவு தூரம் போக வேண்டும், இதை ஏன் கேட்கிறீர்கள் என்று மிகுந்த ஆர்வத்தோடு விசாரித்திருந்தார்.

படித்துக் காட்டினேன். ஜமால் மாமு காப்பியைக் கீழே வைத்தார்.

“தலைப்பிரசவத்துக்கு அனுப்ப மாட்டாகளா?”

“மாட்டாகளாம்.”

“பெத்தவுக கேட்டுக்கூட வர மாட்டாகளா? என்ன ஊருடா அது!” அவருக்கு ரிப்போர்ட் தப்பாகப் போனது பெரிதாகப் படவில்லை. அமெரிக்கா இப்படி நடந்துகொண்டதுதான் தாங்கவில்லை. அன்று முழுக்க, “தனியாவா பெத்தா அந்தப் புள்ள” என்று ஹன்னாவுக்காக வருத்தப்பட்டுக்கொண்டே இருந்தார்.

ஹன்னா தன் வீட்டில் பெற்றாள் என்றால் சாமுவேல் வீடும் பென்சில்வேனியாதான். அப்படியானால் வர்ஜீனியாப் படைவீரர் அதே பெயருள்ள வேறு ஒரு ஆள். பென்சில்வேனியாவில் ஆள் எடுத்த பட்டியல்களை வரவழைத்துத் தேடினோம். எங்கள் சாமுவேல் கிடைத்தார். அவர் பெயர் வந்திருக்கிறது, முறை வந்திருக்கிறது, அவர் போகவில்லை. பெயருக்கு நேரே, இவருக்குப் பதில் ஆள் பீட்டர் கோல் என்று எழுதியிருந்தது. வசதியுள்ளவர்கள் தங்களுக்குப் பதில் வேறொருவரைப் போருக்கு அனுப்பலாம் என்று அங்கே சட்டமே இருந்தது. டோரதி அம்மையார் மாலை போடக் காத்திருந்த மாவீரர், ஆள் வைத்துச் சண்டைக்கு அனுப்பிவிட்டு வீட்டில் மாடு கறந்திருக்கிறார்.

முத்துலட்சுமி அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

முதலாளி தலையில் கையை வைத்துக்கொண்டார். “பழைய ரிப்போர்ட்டையே அனுப்புங்க. வர்ஜீனியாவில ஒரு சாமுவேல் இருந்தாரா இல்லையா? அமெரிக்காவில இருந்து எவன் தாயில்பட்டி ரோட்டுக்கு வந்து விசாரிக்கப் போறான்?”

ஜமால் மாமு தொப்பியை மானிட்டரிலிருந்து எடுத்துத் தலையில் வைத்தார். அவர் கோபப்பட்டால் அவ்வளவுதான் தெரியும்.

“மொதலாளி, மாப்பிள்ளைக்கு வலிப்பு இருக்குன்னு தெரிஞ்சும் மறைச்சு ஒரு சம்பந்தம் முடிச்சா, அப்புறம் ரெண்டு வீடும் என் வாசல்லதான் நிக்கும். குறை இருந்தா சொல்லிப்புடணும். சொல்ற விதத்துல சொல்லணும். நான் இதுவரைக்கும் மறைச்சு முடிச்சதில்ல.”

“இவ என்ன செய்வா?” என்று முதலாளி முத்துலட்சுமியைக் காட்டினார்.

முத்துலட்சுமி மானிட்டரிலிருந்து முகத்தைத் திருப்பாமல், “உண்மையவே அனுப்புங்க சார்” என்றாள். எனக்கு நன்றாகத் தெரியும், அவள் கண் முன்னால் அந்தக் கேட்டுதான் நின்றிருக்கும்.

உண்மையை அனுப்புவது என்று முடிவானதும், ஜமால் மாமு வழக்கம்போல ஆரம்பித்தார். “ஜோசப்புக்குப் பொண்ணு எடுத்த வீடு எது? அதப் பாக்காம நான் எந்த ரிப்போர்ட்டும் அனுப்ப மாட்டேன்.” எனக்கு எரிச்சல்தான் வந்தது. கப்பல் மூழ்கிக்கொண்டிருக்கிறது, இவர் சம்பந்தம் பேசுகிறார். ஆனாலும் தேடினோம். போர் முடிந்தபின் சாமுவேல் குடும்பத்தோடு வர்ஜீனியாவுக்குக் குடிபோயிருக்கிறார். ஜோசப்பின் கல்யாணப் பத்திரம் அங்கே கிடைத்தது. பெண் ரெபேக்கா. ஜாமீன் போட்ட பெண்ணின் தகப்பன், பீட்டர் கோல். எழுதத் தெரியாதவர் போல, கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி.

வேறு பீட்டராக இருக்கலாமே என்று எல்லாரும் பயந்தோம். ஒருமுறை பட்டது போதாதா? அந்தப் பீட்டர் கிழவராகிப் பென்ஷன் கேட்டுக் கொடுத்த மனுவைத் தேடி எடுத்த பிறகுதான் மூச்சு வந்தது. சாமுவேல் ட்ரெய்னருக்குப் பதிலாகப் போருக்குப் போனேன், கால் ஊனமாகித் திரும்பினேன், பிறகு மேற்படி ட்ரெய்னரோடு வர்ஜீனியாவுக்கு வந்து பக்கத்திலேயே குடியிருந்தேன் என்று அதில் சொல்லியிருந்தார். அந்த மனுவிலும் அதே பெருக்கல் குறி.

டோரதி அம்மையார் இந்த ஜோசப், ரெபேக்கா வழியில் வந்தவர், ஆகவே வீரரின் வாரிசுதான். குடும்பப் பெயர் வந்த வழியில் இல்லை, பெண் எடுத்த வழியில். ஜமால் மாமு அந்தக் காலண்டர் தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாடி முழுக்க நடந்தார். பெரிய இடத்துச் சம்பந்தம் முடித்த அன்று எப்படி நடப்பாரோ அப்படி.

ரிப்போர்ட்டை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தரகர் மாப்பிள்ளை வீட்டைப் பற்றிச் சொல்கிற பக்குவத்தில் இருந்தது. சாமுவேல் போகவில்லை என்று ஒரே வரி, ஒளிவு மறைவில்லாமல். அதற்குப் பிறகு பீட்டர் கோலைப் பற்றி ஒரு பக்கம். அனுப்பிவிட்டு, மாடிக்குக் காலண்டர் கட்டுகள் ஏறுகிற சத்தம் எப்போது கேட்கும் என்று காத்திருந்தோம்.

ஆர்டர் வந்தது. குறையைச் சொன்னதால்தான் எங்களை நம்புவதாகக் கரோல் எழுதியிருந்தார். முதலாளி அதைப் படித்துவிட்டு, உண்மையை அனுப்பச் சொன்னது தான்தான் என்று அன்று மாலைக்குள் கீழ்த்தளம் முழுக்கச் சொல்லிவிட்டார். முத்துலட்சுமி வெள்ளிக்கிழமை லீவு போட்டு இருக்கன்குடிக்குப் போய் மாவிளக்கு எடுத்துவிட்டு வந்தாள்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன். டோரதி அம்மையார் நன்றி சொல்லி எழுதிய கடிதத்தைக் கரோல் எங்களுக்கு அனுப்பிவைத்தார். பீட்டர் கோல் பெயரில் சங்கத்தில் சேர்ந்துவிட்டாராம். கடைசியில் ஒரு கேள்வி. சாமுவேல் நிலம் உள்ளவர், பீட்டர் அவருக்காகக் கூலிக்குச் சண்டைக்குப் போனவர். அந்த வீட்டுப் பெண்ணை இந்த வீட்டுக்கு ஏன் எடுத்தார்கள்? ஏதாவது தெரிய வருமா?

“எனக்கும் அதுதான் பிடிபடல” என்றார் ஜமால் மாமு. “நானும் இத்தன வருசமா சம்பந்தம் பேசுதேன். நிலமுள்ளவன் கூலிக்காரன் வீட்ல போயிப் பொண்ணு கேக்குறதாவது.”

“கேப்பாக சார்” என்றாள் முத்துலட்சுமி.

திரும்பிப் பார்த்தோம். அவள் கீபோர்டைத் துணியால் துடைத்துக்கொண்டே பேசினாள்.

“எங்க மாமனார் எங்கப்பா இருந்த அந்தப் பட்டாசு ஆபீஸ்ல ஃபோர்மேனா இருந்தாக. அப்ப வீடு, நிலமெல்லாம் இருந்துச்சு. அன்னைக்கு மருந்து ரூமுக்குப் போக வேண்டியது அவுகதான். காய்ச்சல்னு எங்கப்பாவைப் போகச் சொல்லிட்டாக. பதினாறாம் நாள் விசேசமெல்லாம் முடிஞ்சு கொஞ்ச நாள் கழிச்சு எங்க வீட்டுக்கு வந்தாக. எங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசல. வாசல்லயே நின்னுக்கிட்டு, ‘உன் மகளை எங்க வீட்டுக்குக் குடு’ன்னு மட்டும் கேட்டாக. அதுக்கப்புறம் அவுக அந்த வேலைக்கே போகல.”

துடைத்த துணியை உதறி மடித்து வைத்தாள்.

“தலைப்பிரசவத்துக்குக்கூட என்னைய அனுப்பல. ஊரு கேட்டா எங்கம்மாவுக்கு சீசன்னு சொல்லி வச்சிருந்தோம். ‘உங்கப்பன் இருந்தா செஞ்சிருப்பான்ல, அத நான் செய்றேன்’னு சொல்லிட்டாக. ஆஸ்பத்திரி வராந்தாவுல விடிய விடிய நின்னது அவுகதான்.”

ஜமால் மாமு பிளாஸ்கிலிருந்து சுக்குக் காப்பி ஊற்றி அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவள். செத்தவர்கள் வீட்டையெல்லாம் குடைந்து குடைந்து கேட்ட நான், இவளிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

“இத எழுதலாமா புள்ள? பேரெல்லாம் போடாம, எங்க பக்கத்துல இப்படி நடக்கிறதுண்டுன்னு?” என்று கேட்டேன்.

“வேண்டாம்க்கா. அவுக வீட்ல என்ன நடந்துச்சோ. நம்ம வழக்கத்தக் கொண்டுபோயி அங்க வச்சுத்தான ஒருதடவ பட்டோம்.”

கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். டோரதி அம்மையாரின் கேள்விக்குக் கீழே, ‘சான்று கிடைக்கவில்லை’ என்று அடித்து அனுப்பினாள். எங்கள் ஆபீஸ் விதிப்படி அதுதான் சரியான பதில்.